நிலப்பட மென்பொருளுக்குப் பயனர் உதவி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

“வரைபடம் தப்பாக வருகிறது.” கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் நிலப்பட மென்பொருள் எதுவானாலும், உதவி கேட்டு வரும் கடிதங்களில் பல இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எழுதியவருக்கு அது முழுமையான விவரம்தான். தப்பு அவர் கண்ணெதிரே திரையில் தெரிகிறது. படிக்கும் உங்களுக்கோ அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. சாலைகள் கடலில் விழுந்திருக்கலாம். ஊர்ப்பெயர்கள் வெறும் கட்டங்களாக மாறியிருக்கலாம். பரப்பளவு நான்கு மடங்காக வந்திருக்கலாம். சாலை, எல்லை என ஒவ்வொரு வகைத் தரவையும் தாங்கும் அடுக்குகளில் ஒன்றே காணாமல் போயிருக்கலாம்.

நிலப்பட மென்பொருளில் கோளாறு ஐந்து இடங்களில் ஒளிந்திருக்க முடியும்: தரவில், அந்தத் தரவின் ஆயத்தொலைவு முறையில் (இடங்களை எண்களால் குறிக்கும் முறை), மென்பொருளில், பயனரின் கணினியில், பயனரின் எதிர்பார்ப்பில். ஐந்தும் திரையில் ஒரே மாதிரித்தான் வெளிப்படும். எனவே விடை சொல்வதற்கு முன், கோளாறு இந்த ஐந்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. இடம் தெரியாமல் சொல்லும் யோசனை, நல்லெண்ணத்தோடு சொன்னாலும், பயனரை இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இங்கே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கியூஜிஐஎஸ் மென்பொருளைச் சார்ந்தவை. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளை யாரும் இலவசமாக நிறுவிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே காரணம். வேறு மென்பொருளுக்கு உதவுபவர்கள் பட்டியல்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. கேள்வி வருமுன் உங்கள் மேசையைத் தயார் செய்யுங்கள்

உங்கள் கணினியில் குறைந்தது இரண்டு பதிப்புகள் இருக்க வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்று உண்டு. அலுவலகங்களில் பலர் அதைத்தான் வைத்திருப்பார்கள். புதிய வசதிகளோடு வரும் அண்மைப் பதிப்பு மற்றொன்று. இரண்டையும் அருகருகே நிறுவிக்கொள்ளலாம். ஒரு கோளாறு பழையதில் வருகிறது, புதியதில் வரவில்லை என்று தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிட்டது.

கூடவே, சிறிய சோதனைத் தரவுத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்து வையுங்கள். சில புள்ளிகள், சில கோடுகள், சில பரப்புகள்; ஒரே இடத்தின் தரவு பாகை அளவிலும் மீட்டர் அளவிலும்; வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு பரப்பு; தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு பண்பு அட்டவணை. பயனர் சொல்வதை உடனே செய்து பார்க்க இது போதும்.

பயனர் சுயவிவரம் என்னும் வசதியையும் பழகிக்கொள்ளுங்கள். அமைப்புகள் பட்டியலில் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கினால், நீங்கள் சேர்த்த எந்தப் பிளகினும் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எந்தத் தனிப்பட்ட அமைப்பும் இல்லாத புத்தம்புதிய மென்பொருள் திறக்கும். பின்னால் இது பலமுறை கைகொடுக்கும்.

2. கடிதத்தை இரண்டு முறை படியுங்கள்

முதல் வாசிப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். இரண்டாவது வாசிப்பில், அவர் செய்து முடிக்க நினைத்த வேலை எது என்று தேடுங்கள். இரண்டும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். “இரண்டு அடுக்குகளை இணைக்கும் பொத்தான் எங்கே?” என்று ஒருவர் கேட்டால், அவருக்கு வேண்டியது இரண்டு கோப்புகளை ஒன்றாக்குவதாக இருக்கலாம், ஓர் அட்டவணையின் பத்திகளை இன்னொன்றில் சேர்ப்பதாகவும் இருக்கலாம், எந்தப் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று கண்டுபிடிப்பதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் கருவிகள் வேறு. தவறான கருவியைச் சரியாக விளக்கினால் அவருக்கு ஒரு நாள் வீணாகும்.

பிறகு கடிதத்தை வகைப்படுத்துங்கள். எப்படிச் செய்வது என்ற கேள்வி, வழு (மென்பொருளின் நிரல் பிழை) பற்றிய புகார், தரவு பற்றிய புகார், புதிய வசதிக்கான வேண்டுகோள் என நான்கு வகைகள் போதும். அதற்கு மேல் பிரித்தால் வகைப்படுத்துவதே தனி வேலையாகிவிடும்.

தரவு பற்றிய புகாரைச் சீக்கிரம் பிரித்துவிடுவது நல்லது. “எங்கள் தெருவின் பெயர் தவறாக இருக்கிறது” என்று எழுதுபவருக்கு, பின்னணியில் தெரியும் படம், பலரும் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வேறொரு மூலத்திலிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரைப் பொறுத்தவரை திரையில் உள்ளது எல்லாம் ஒரே மென்பொருள். “இது எங்கள் பொறுப்பு அல்ல” என்று நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெயரை எங்கே திருத்தலாம், எப்படித் திருத்தலாம் என்று சொல்லுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த இடத்திலேயே ஒரு குறிப்பை விட்டுச்செல்லும் வசதி உண்டு. கணக்குத் தொடங்கினால் தானே திருத்தவும் முடியும். இதை அறிந்த பயனர் தன் ஊரின் வரைபடத்தையே மேம்படுத்தத் தொடங்கிவிடக்கூடும்.

3. முதல் பதில்: குறைவாகக் கேளுங்கள், சரியானதைக் கேளுங்கள்

புதியவர்கள் முதல் பதிலிலேயே பதினைந்து கேள்விகளை அடுக்குவதுண்டு. அதைப் பார்த்ததும் பயனர் களைத்துப்போவார். எளிதானவற்றுக்கு மட்டும் பதில் தருவார். நான் பரிந்துரைப்பது மூன்று கேள்விகள். அதோடு, நீங்கள் அவர் சிக்கலை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று உங்கள் சொற்களில் ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தவிர்க்காதீர்கள். தவறான புரிதல் அங்கேயே திருத்தப்பட்டுவிடும்.

இப்படி எழுதலாம்:

“வணக்கம். சாலை அடுக்கு, எல்லை அடுக்கின் மேல் பொருந்தாமல் தள்ளி விழுகிறது என்று புரிந்துகொள்கிறேன். வேறாக இருந்தால் சொல்லுங்கள். காரணம் கண்டுபிடிக்க மூன்று விவரங்கள் வேண்டும். ஒன்று, உதவிப் பட்டியலில் உள்ள ‘பற்றி’ சாளரத்தில் காணும் பதிப்பு எண். இரண்டு, மென்பொருளின் முழுச் சாளரமும் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட். மூன்று, இரண்டு அடுக்குகளின் பண்புகளிலும் ‘தகவல்’ பக்கத்தில் உள்ள ஆயத்தொலைவு முறையும் எல்லை எண்களும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதும்.”

முழுச் சாளரம் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பயனர் தப்பாகத் தெரியும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவார். நமக்கு வேண்டியதோ ஓரங்களில் இருக்கிறது. கியூஜிஐஎஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் சுட்டி நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவு, அளவுகோல், திட்டக்கோப்பின் ஆயத்தொலைவு முறை ஆகியவை தெரியும். இடப்பக்கப் பட்டியலில் எந்த அடுக்கு மேலே இருக்கிறது, எது அணைக்கப்பட்டிருக்கிறது, எந்த அடுக்கின் அருகே கேள்விக்குறி நிற்கிறது என்பதும் தெரியும். அந்தக் கேள்விக்குறி, அடுக்குக்கு ஆயத்தொலைவு முறையே குறிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். ஒரே படம் பத்துக் கேள்விகளுக்கு விடை தந்துவிடும்.

பிழைச் செய்தி ஏதும் வந்திருந்தால் அதன் சொற்களை அப்படியே கேளுங்கள். “ஏதோ எரர் வந்தது” என்பதிலிருந்து யாராலும் எதையும் கண்டறிய முடியாது. பயனர் வேறு மொழி இடைமுகத்தில் வேலை செய்தால், செய்தியும் அந்த மொழியில் வரும். பட்டியல்களின் பெயரும் மாறும். அப்போது பட்டியலின் பெயரோடு அது மேலிருந்து எத்தனையாவது, அதன் சின்னம் எப்படி இருக்கும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

“என் கணினியில் சரியாகத்தான் வருகிறது” என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பயனர் காதில் ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்றே விழும். அதற்குப் பதில், நீங்கள் எந்தப் பதிப்பில், எந்தத் தரவை வைத்து, எந்த வரிசையில் செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று அவரே பிடித்துக் காட்டுவார்.

4. ‘தவறான இடத்தில் விழுகிறது’: எண்களைப் பாருங்கள்

இந்த வகைக் கேள்விகளை நன்றாகக் கற்றுக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். இங்கே படத்தைவிட எண்களே அதிகம் பேசும். அடுக்கின் எல்லை எண்களைக் கையில் வாங்கியதும் அவற்றின் அளவைக் கவனியுங்கள்.

இரண்டு எண்களும் 180க்குள், தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடு இருந்தால், அது பாகையில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை. ஒன்று ஆறு இலக்கமாகவும் மற்றது பெரும்பாலும் ஏழு இலக்கமாகவும் இருந்தால், யூ.டி.எம். போன்ற மீட்டர் முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். யூ.டி.எம். உலகை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் கிழக்கு எண் 5,00,000 மீட்டர். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் எண்கள் இரண்டு கோடி வரை போகும்.

இப்போது, அடுக்கில் எழுதியிருக்கும் ஆயத்தொலைவு முறையோடு அந்த எண்களை ஒப்பிடுங்கள். பாகை எண்கள் உள்ள தரவுக்கு வெப் மெர்கேட்டர் (ஆயத்தொலைவு முறைகளுக்கு எண் தரும் இ.பி.எஸ்.ஜி. பட்டியலில் 3857) என்று குறித்திருந்தால், மென்பொருள் 78 பாகையை 78 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். உலகம் முழுவதன் தரவும் 360 மீட்டருக்கு 180 மீட்டர் அளவுள்ள சிறு செவ்வகத்துக்குள் சுருங்கி, ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில், பூச்சியம்–பூச்சியம் புள்ளியைச் சுற்றி விழும். “என் அடுக்கு ஆப்பிரிக்கா பக்கம் போய்விட்டது” என்று எழுதும் பயனர் இதைத்தான் பார்த்திருக்கிறார். அதே புள்ளியில் ஒருசில புள்ளிகள் மட்டும் குவிந்திருந்தால், அட்டவணையில் ஆயத்தொலைவு காலியாகவோ பூச்சியமாகவோ இருந்த வரிசைகள் அவை.

இந்த நிலையில் பயனர் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. நீங்கள் அதைத் தடுக்க வேண்டும். அடுக்கின் ஆயத்தொலைவு முறையைக் ‘குறிப்பது’ வேறு, அடுக்கை வேறு முறைக்கு ‘மாற்றுவது’ வேறு. குறிப்பது, டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவது போன்றது. உள்ளே இருப்பது மாறாது. மாற்றும் வேலையைச் செய்யும் மறுவீச்சுக் கருவியோ எண்களையே புதிதாகக் கணக்கிட்டு வேறொரு கோப்பை எழுதுகிறது. சீட்டு தவறாக இருந்தால் சீட்டை மட்டும் திருத்துங்கள். சீட்டு சரியாக இருந்து, வேறு முறையில் தரவு வேண்டுமானால் மறுவீச்சு செய்யுங்கள். தவறான சீட்டோடு மறுவீச்சு செய்தால், தவறு எண்களுக்குள்ளேயே போய் உறைந்துவிடும். பதில் எழுதும்போது எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். “சி.ஆர்.எஸ்.ஸை (ஆயத்தொலைவு முறையை) மாற்றுங்கள்” என்று பொதுவாக எழுதினால் பாதிப் பேர் தவறான கட்டளையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

வடக்கு–கிழக்கு இடம் மாறியிருப்பதும் அடிக்கடி வரும். இ.பி.எஸ்.ஜி. பட்டியலில் பாகை முறையான 4326இன் வரைவிலக்கணம் அட்சரேகையை முதலில் வைக்கிறது. 2016இல் தரப்படுத்தப்பட்ட ஜியோஜேசன் என்னும் தரவுக் கோப்பு வடிவமோ தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. எது முதலில் என்பதில் தரவு தருபவர்கள் வேறுபடுவதால், அட்டவணையிலிருந்து புள்ளி உருவாக்கும்போது பத்திகள் மாறிப்போவது இயல்பு. எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அடுக்கு சரியான ஊரில்தான் விழுகிறது, ஆனால் எல்லாமே ஒரே திசையில் கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்றால் டேட்டம் (ஆயத்தொலைவுக்கு அடிப்படையான பூமி மாதிரி) வேறுபாட்டைச் சந்தேகியுங்கள். பழைய தேசிய நிலஅளவைகள், பூமியின் வடிவுக்குத் தங்கள் நாட்டுக்குப் பொருந்தும் வெவ்வேறு மாதிரிகளை எடுத்துக்கொண்டன. ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டத்துக்கும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84க்கும் இடையே டோக்கியோ பகுதியில் 400 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் உண்டு. இத்தகைய புகாரில் தள்ளல் எவ்வளவு, எந்தத் திசையில், எல்லா இடத்திலும் ஒரே அளவா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் டேட்டம். இடத்துக்கு இடம் மாறினால், தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்து பொருத்தியதில் பிசகு இருக்கலாம். அல்லது பின்னணிச் செயற்கைக்கோள் படமே சற்று நகர்ந்திருக்கலாம். பின்னணிப் படம் எப்போதும் சரி என்று பயனர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மென்மையாகத் திருத்துங்கள்.

அளவுகள் பற்றிய கேள்விகளும் இந்த வகைதான். “உருவைச் சுற்றி 100 மீட்டர் அகலப் பட்டை கேட்டேன், திரை முழுவதும் நிறைந்துவிட்டது” என்றால், அடுக்கு பாகையில் இருக்கிறது. மென்பொருள் 100 பாகை எடுத்துக்கொண்டது. ஒரு பாகை அட்சரேகையே சுமார் 111 கிலோமீட்டர். “பரப்பளவு அதிகமாக வருகிறது” என்றால், வெப் மெர்கேட்டரில் கணக்கிட்டாரா என்று பாருங்கள். அந்த முறையில் 60 பாகை அட்சரேகையில் நீளம் இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் பெருகும். ஒரே பரப்புக்கு இரண்டு விடைகள் வருகின்றன என்று எழுதுபவரும் உண்டு. கியூஜிஐஎஸ்ஸின் புலக் கணிப்பானில், பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் பரப்பளவு ஒன்றும், தட்டையான தளத்தில் கணக்கிடும் பரப்பளவு ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டும் வழு அல்ல. எது அவர் வேலைக்குப் பொருந்தும் என்று சொல்வதே விடை.

5. கோப்புகள்: எது வந்தது, எது விடுபட்டது

பயனர் ‘என் வரைபடத்தை இணைத்திருக்கிறேன்’ என்று திட்டக்கோப்பை மட்டும் அனுப்புவார். அதில் தரவு இருக்காது; தரவு அவர் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முகவரியும், நிறங்கள், பெயர்ப்பட்டிகள் போன்ற அமைப்புகளும்தான் இருக்கும். தன் சக ஊழியருக்கு அனுப்பிய வரைபடம் அங்கே காலியாகத் திறக்கிறது என்ற புகாருக்கும் இதுவே காரணம். தரவையும் திட்டக்கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, சார்பு முகவரியில் சேமித்து, கோப்புறையை முழுவதாகச் சுருக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

ஷேப்ஃபைல் என்னும் பழைய நிலப்படத் தரவு வடிவம் ஒரே கோப்பு அல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப். ஆகிய மூன்றும் கட்டாயம். பி.ஆர்.ஜே. இல்லாவிட்டால் ஆயத்தொலைவு முறை தெரியாது. சி.பி.ஜி. இல்லாவிட்டால் எழுத்துக் குறியாக்கம் தெரியாது. முதல் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டுத் ‘திறக்கவில்லை’ என்பவரிடம், அதே பெயரில் உள்ள எல்லாவற்றையும் கேளுங்கள்.

தமிழ் போன்ற எழுத்துகளில் பெயர் எழுதுபவர்களுக்கு ஷேப்ஃபைல் தரும் துன்பம் தனி. அதன் பத்திப் பெயருக்குப் பத்து பைட் மட்டுமே இடம். யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும்; உயிர்மெய் எழுத்தின் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். ஆக, மூன்று குறியீடுகளுக்கு மேல் பத்திப் பெயர் தாங்காது. உரைப் பத்தியில் 254 பைட். அதாவது 84 குறியீடுகள். பெயர் நடுவே வெட்டுப்படுகிறது என்ற புகாரில் மென்பொருளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, வடிவமே பழையது. 2014இல், நிலப்படத் தரங்களை வகுக்கும் ஓ.ஜி.சி. அமைப்பு தரப்படுத்திய ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறச் சொல்லுங்கள். அது ஒரே கோப்பு. இந்த வரம்புகள் அதில் இல்லை. எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால், அடுக்கின் மூலப் பண்புகளில் குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என்று மாற்றிப் பார்க்கச் சொல்லலாம்.

சி.எஸ்.வி. அட்டவணைகளில் பார்க்க வேண்டியது தசமக்குறி. சில மொழி அமைப்புகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். மென்பொருள் அதை எண்ணாக ஏற்காது. பாகை–கலை–விகலை வடிவில் எழுதிய ஆயத்தொலைவுகளுக்குத் தனி விருப்பத்தேர்வு இருக்கிறது; அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

6. மெதுவாக ஓடுகிறது, உறைந்து நிற்கிறது, மூடிக்கொள்கிறது

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்வது சோம்பேறித்தனமான யோசனை. கியூஜிஐஎஸ்ஸில் பயனரின் அமைப்புகளும் பிளகின்களும் தனிக் கோப்புறையில் இருப்பதால், மறுநிறுவல் பெரும்பாலும் எதையும் மாற்றாது. புதிய சுயவிவரத்தில் திறந்து அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அங்கே சரியாக ஓடினால் குற்றவாளி ஒரு பிளகின் அல்லது ஓர் அமைப்பு. பழைய சுயவிவரத்தில் பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பிளகின்களை எழுதியவர்கள் வேறு. அவர்களிடம் புகாரை எப்படிச் சேர்ப்பது என்பதையும் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

மெதுவாக ஓடுவதற்குத் தரவு வேறொரு கணினியில், வலையமைப்பு இயக்ககத்தில் இருப்பது ஒரு காரணம். அந்தக் கோப்பை உள்வட்டில் நகலெடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இடஞ்சார் சுட்டு (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவும் அகவரிசை) இல்லாத பெரிய அடுக்கு இன்னொரு காரணம். அடுக்கின் மூலப் பண்புகளில் ஒரே சொடுக்கில் அதை உருவாக்கலாம். ஒரு குறிப்பிட்ட கருவி மட்டும் பாதியில் நின்றால், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பழுதான பரப்புகள் தரவில் இருக்கலாம். வடிவச் செல்லுபடியைச் சோதிக்கும் கருவியை முதலில் ஓட்டச் சொல்லி, பிறகு சரிசெய்யும் கருவிக்குப் போகலாம்.

திடீரென மூடிக்கொண்டால், அப்போது தோன்றும் அறிக்கையை முழுவதாக நகலெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடாமல் தவறு மட்டும் நடந்தால், அடிப்பட்டையின் வலது கோடியில் உள்ள செய்திப் பதிவுச் சின்னத்தைச் சொடுக்கினால் விவரம் கிடைக்கும்.

7. பயனரின் தரவைக் காப்பது

சோதிக்க மாதிரித் தரவு கேட்பது அவசியம்தான். ஆனால் நிலப்படத் தரவு சாதாரண ஆவணம் அல்ல. நோயாளிகளின் வீடுகள், அரிய பறவைகளின் கூடுகள், நிலத்தகராறில் உள்ள எல்லைகள் என்று எதுவும் அதில் இருக்கலாம். முழுத் தரவைக் கேட்காதீர்கள். கோளாறு தெரியும் ஐந்தாறு உருக்களை (புள்ளி, கோடு, பரப்பு) மட்டும் தேர்ந்தெடுத்து, பெயர், தொலைபேசி போன்ற பத்திகளை நீக்கி, தனிக்கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். சிலர் பாதுகாப்புக்காக எண்களைக் கொஞ்சம் நகர்த்தி அனுப்புவார்கள். கோளாறு இடம் பற்றியதாக இருந்தால் அந்த நகர்த்தலே தடயத்தை அழித்துவிடும். அதற்கு முன்பே உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

திட்டக்கோப்பிலும் கவனம் வேண்டும். தரவுத்தளத்தின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் வெளிப்படையாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். கோப்பு முகவரிகளில் ஆட்களின் பெயரும் துறையின் பெயரும் இருக்கும். வழு அறிக்கையோடு அதை அப்படியே பொதுவெளியில் இணைத்துவிடாதீர்கள். கடவுச்சொல்லைக் கண்டால் உடனே பயனரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள நகலை அழித்து, அழித்ததை ஒரு வரியில் தெரிவியுங்கள்.

8. உருவாக்குநர்களுக்கு வழு அறிக்கை எழுதுதல்

கோளாறு மென்பொருளில்தான் என்று உறுதியானதும் உங்கள் வேலை மொழிபெயர்ப்பாளருடையதாக மாறுகிறது. பயனர் தன் வேலையைச் சொல்லியிருப்பார். உருவாக்குநருக்குப் படிகள் வேண்டும். புதிய சுயவிவரத்தில், மிகச் சிறிய தரவில், வெற்றுத் திட்டத்திலிருந்து தொடங்கி நீங்களே அதை வரவழையுங்கள். ஒவ்வொரு சொடுக்கையும் வரிசையாக எழுதுங்கள். என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். தலைப்பு “லேபிள் வேலை செய்யவில்லை” என்று இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். “பிடிஎஃப் ஏற்றுமதியில், சுழற்றிய லேபிள்கள் மட்டும் விடுபடுகின்றன” என்பது போல இருந்தால், உரியவர் கண்ணில் உடனே படும்.

அனுப்புமுன், அதே வழு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புதிதாகத் திறக்காமல், உங்களிடம் உள்ள கூடுதல் விவரத்தை அங்கே சேருங்கள். கோளாறு எந்த நிரல் நூலகத்தைச் சேர்ந்தது என்பதையும் யோசியுங்கள். கியூஜிஐஎஸ் கோப்புகளைப் படிப்பதற்கு ஜி.டி.ஏ.எல். நூலகத்தையும், ஆயத்தொலைவு மாற்றத்துக்குப் புரோஜ் நூலகத்தையும் சார்ந்திருக்கிறது. இரண்டும் தனித்த திட்டங்கள். ‘பற்றி’ சாளரத்தில் அவற்றின் பதிப்பு எண்களும் இருக்கும், சேர்த்து எழுதுங்கள்.

பயனரிடம் தேதி சொல்லாதீர்கள். பதிவு செய்தாயிற்று, இன்ன எண்ணில் இருக்கிறது, அதுவரை இப்படிச் சமாளிக்கலாம் என்பதோடு நிறுத்துங்கள். அந்தத் தற்காலிக வழி இல்லாத பதில் அரைப் பதில்தான். அவருடைய வேலை நாளையே முடிய வேண்டியதாக இருக்கலாம்.

9. வசதி வேண்டுகோள்களும் கருத்துகளும்

‘இந்தப் பொத்தானைச் சேருங்கள்’ என்று வருவது, பயனர் தானாகக் கண்டுபிடித்த தீர்வு. அதன் பின்னால் உள்ள வேலையைக் கேளுங்கள்: “எந்த வேலையில், எத்தனை முறை இது தேவைப்படுகிறது? இப்போது எப்படிச் செய்கிறீர்கள்?” அவர் கேட்ட வசதி ஏற்கெனவே வேறு பெயரில் இருப்பதை இந்த உரையாடல் அடிக்கடி வெளிக்கொண்டுவரும். உதாரணமாக, பிடிஎஃப்பில் ஊர்ப்பெயரைத் தேட முடியவில்லை என்று ஒருவர் எழுதலாம். ஏற்றுமதி விருப்பத்தில் எழுத்துகள் கோட்டுருவாக எழுதப்படும்படி அமைந்திருப்பதே காரணம். உரையாக ஏற்றுமதி செய்யும் தேர்வு பக்கத்திலேயே உண்டு. அந்தத் தேர்வைச் சொல்லும்போது, எழுத்து வடிவம் பிசகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

புதிய தேவைதான் என்றால் அவருடைய சொற்களிலேயே குறித்து வையுங்கள். “பயனர் வேகமான லேபிளிங் கேட்கிறார்” என்று சுருக்கினால் உயிர் போய்விடும். ‘வெள்ளக் காலத்தில் இரவோடு இரவாகப் பல தாள்கள் அச்சிட வேண்டும், ஒவ்வொன்றிலும் பெயர்களைக் கையால் நகர்த்துகிறோம்’ என்ற வரி, உருவாக்குநரிடம் வேறு எதையும்விட வலுவாக வாதாடும்.

கோபமாக வரும் கடிதங்களில் பெரும்பாலும் தொலைந்த உழைப்பு ஒன்று இருக்கும். திருத்தங்களைச் சேமிக்காமல் மூடியிருப்பார். அல்லது தற்காலிக அடுக்கில் வரைந்துவிட்டுத் திட்டத்தை மட்டும் சேமித்திருப்பார். நினைவகத்தில் மட்டும் வாழும் அந்த அடுக்கு, மென்பொருளை மூடியதும் போய்விடும். முதலில் அவர் இழப்பை ஏற்றுக்கொண்டு ஒரு வரி எழுதுங்கள். மீட்க முடியுமா என்பதை நேராகச் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்றே சொல்லுங்கள். விளக்கமும் தற்காப்பும் அதற்குப் பிறகு வரட்டும். மூடும்போது வரும் எச்சரிக்கை அவர் கண்ணில் படாமல் போனது ஏன் என்றும் கேளுங்கள். அந்த விடை உருவாக்குநர்களுக்குப் போக வேண்டிய ஒன்று.

10. மூடுவதும் பதிவதும்

தீர்வு சொன்னதும் கேள்வியை மூடிவிடாதீர்கள். பலித்ததா என்று கேட்டு, அவர் சொன்ன பிறகு மூடுங்கள். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு, எப்போது வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம் என்று சொல்லி மூடலாம்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பு வையுங்கள்: பயனர் எப்படிச் சொன்னார், உண்மையில் கோளாறு எங்கே இருந்தது, எதனால் தீர்ந்தது. பயனரின் சொற்களை அப்படியே எழுதுவது முக்கியம். அடுத்தவரும் அதே சொற்களில்தான் தேடுவார். தயார் பதில்களை இந்தக் குறிப்புகளிலிருந்து உருவாக்குங்கள். ஆனால் அனுப்புமுன் அவருடைய அடுக்கின் பெயரையும் அவர் தந்த எண்களையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

மாதம் ஒருமுறை குறிப்புகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள். குறிப்பதற்கும் மறுவீச்சுக்கும் இடையிலான குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்தக் கட்டளைகள் திரையில் தெளிவாக இல்லை என்று பொருள். அப்போது அந்தக் குறிப்புகளின் தொகுப்பை இணைத்து, கையேட்டில் மாற்ற வேண்டிய பத்தியையோ சாளரத்தில் சேர்க்க வேண்டிய எச்சரிக்கையையோ நீங்களே எழுதி உருவாக்குநர் குழுவுக்கு அனுப்புங்கள். கியூஜிஐஎஸ் போன்ற திறமூல மென்பொருளில் கையேட்டுத் திருத்தத்தை யாரும் முன்மொழியலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.